மெசினக்கா தைத்த தலை

எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அவரை மெசினக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அழைத்ததை நான் கேட்டதில்லை. வீட்டு விறாந்தையில் ஒரு கால்மெசினைப் போட்டுக்கொண்டு குருநகரின் கலியாணப் பெண்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைத்தவர் அவர். சட்டையைப் போட்டுவிட்டு, தலையும் கட்டி, முக்காட்டு வலையையும் குத்தி, பெண்ணுக்குப் பின்னால் கோயில் வாசல்வரை நடந்து வருவார். வாசலோடு நின்றுவிடுவார்.

"உள்ளுக்கு வாங்கோவன் அக்கா," என்று யாராவது கேட்டால், "என்ரை வேலை முதுகுப்பக்கம். அது முடிஞ்சுது," என்பார்.

ஆட்களை முதுகுப்பக்கமாகத்தான் அவருக்குத் தெரியும். சந்தைக்குப் போகிற வழியில் எங்களுக்கு முன்னால் தூரத்தில் சைக்கிள் உழக்கிக்கொண்டு போகிறவளைக் காட்டி, "உவள் அழுதுபோட்டுப் போறாள்," என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பிடரியைப் பாரும்," என்பார். நான் பார்ப்பேன். எனக்கு ஒரு பிடரியும் ஒரு பின்னலும்தான் தெரியும்.

எண்பத்து நாலோ ஐந்தோ, ஒரு தவக்காலத்தில் எங்கள் பங்கில் திருப்பாடுகளின் நாடகம் போட்டார்கள். நான் அப்போது சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். பிலாத்துவின் மனைவியாக என்னைப் பிடித்தார்கள். பெரிய பாத்திரம் இல்லை. கெட்ட கனவு கண்டு எழும்பி வந்து, அந்த மனிதரை விட்டுவிடு என்று புருஷனைக் கெஞ்சவேண்டும். அவன் கேட்கமாட்டான். பிறகு அழுதுகொண்டு உள்ளே போகவேண்டும். அவ்வளவுதான்.

போர்வீரர்களின் உடுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று பார்ப்பதற்காக, ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த எங்கள் சுவாமியார் ஒரு படப்புத்தகத்தை மெசினக்காவிடம் கொடுத்தார். அங்கத்தைய மாபிள் சிலைகளின் படங்கள். போர்வீரர்களைத் தேடிப் பக்கத்தைப் புரட்டிய மெசினக்கா ஒரு பெண்ணின் தலையில் நின்றுவிட்டார். அதை முன்னாலும் பின்னாலும் படம் பிடித்திருந்தார்கள். முன் நெற்றிக்கு மேலே சுருள்சுருளாகப் பிறைபோல எழும்பி நிற்கும் மயிர். பின்னால் மெல்லிய பின்னல்களைச் சுற்றிச் சுற்றிக் கூடைக்கு அடி பின்னியதுபோல ஒரு கொண்டை.

"இது எப்பிடி நிக்குது?" என்று கேட்டார். சுவாமியாரிடம் கேட்டார். நாடகம் பழக்கிய அண்ணாவியாரிடம் கேட்டார். கடைசியில் என் தலையிடம் கேட்கத் தொடங்கினார்.

முதல் ஒத்திகைக்குக் கொண்டை ஊசிகளால் குத்தி அனுப்பினார். நான் பிலாத்துவுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்ததும் முழுவதும் சரிந்து தோளில் விழுந்தது. பிலாத்துவாக நடித்தவர் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். மேடையில் உருண்ட ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எஞ்சின் சாமான் கொடுப்பதுபோல என் கையில் தந்தார். சனம் சிரித்தது. மெசினக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே புத்தகத்தைத் திரும்பவும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்டுதான். தைச்சுப் பாப்பம்," என்றார்.

சாக்குத் தைக்கிற மொட்டை ஊசியில் கறுப்பு நூலைக் கோர்த்துக்கொண்டு அவர் என் தலையைத் தைத்தார். பின்னலைப் பின்னலோடு சேர்த்து, மண்டையைக் கீறாமல், அடிமயிரைக் கொஞ்சம் பிடித்து ஊசியை விடுவார். நூல் மயிருக்குள் மறைந்துபோகும். முன் சுருளுக்கு என் மயிரைக் கஞ்சியில் நனைத்து, வெட்டிய பப்பாசித் தண்டுகளில் சுற்றி, வெயிலில் என்னை இருத்திக் காயவைத்தார். பிறகு தண்டுகளை உருவி, விறைப்பான துணியில் வெட்டிய ஒரு பிறையின் மேல் சுருள்களை வைத்துத் தைத்தார். முடிந்ததும், "குனியும்," என்றார். குனிந்தேன். "தலையை ஆட்டும்," என்றார். ஆட்டினேன். ஒரு மயிர் அசையவில்லை. ரோமாபுரியில் அந்தப் பெண்களுக்கு எப்படிச் செய்தார்களோ, எங்களுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. சுவாமியார் வந்து சுற்றிவரப் பார்த்துவிட்டு, புத்தகத்தை என் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். அண்ணாவியார்தான் முணுமுணுத்தார்.

"நாலு வரி வசனத்துக்கு ஒரு பகல் வேணுமே?"

"அவ திரும்பி நடக்கேக்கை சனம் என்னத்தைப் பாக்கும்?" என்றார் மெசினக்கா. "வசனத்தையோ?"

அதற்குப் பிறகு நாடகம் நடந்த வருடங்களிலெல்லாம் நான்தான் பிலாத்துவின் மனைவி. ஒவ்வொரு முறையும் ஒரு பகல் முழுக்க அவர் வீட்டு முக்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அப்படி இருந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. முகத்துக்கு முகம் பார்க்காமல் பின்னால் நின்று ஒருவர் உங்கள் மயிரை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தால், உங்களை அறியாமல் வாய் திறந்துகொள்ளும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாததைக்கூட அந்த முக்காலியில் இருந்து சொல்வோம். மெசினக்கா ஒன்றும் கேட்கமாட்டார். உதட்டுக்கிடையில் ஊசி இருக்கும். "ம்" என்று மட்டும் சத்தம் வரும். அரியாலையில் ஒருவர் இருந்தார், பிறகு ஜேர்மனிக்குப் போனார், பிறகு போனவர்தான். அவரைப்பற்றி நான் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மெசினக்காவுக்குச் சொன்னேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பழகியும் அந்த மனிதரைப்பற்றி என்னிடமே ஒரு சொல் கேட்கவில்லை.

எங்கள் ஒழுங்கையின் சொல்லப்படாத கதையெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல். சில நேரம் பயமாகவும் இருக்கும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண் கலியாணத்தன்று காலையில் தலை கட்டும்போது விம்மி விம்மி அழுதாள். வாசலில் நின்ற நாங்கள் தாயைப் பிரிகிற அழுகை என்று நினைத்தோம். மெசினக்கா பூவை வைத்து, வலையைக் குத்தி, வழக்கம்போலப் பின்னால் நடந்து கோயில்வரை கொண்டுபோய் விட்டார். ஒரு வருடத்துக்குள் அந்தப் பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். முதலிலேயே விருப்பமில்லை என்று மெசினக்காவிடம் சொல்லியிருக்கிறாள் என்று எப்படியோ தெரிந்து தாய் வந்து கேட்டாள்.

"நான் தலைதான் கட்டினனான்," என்றார் மெசினக்கா. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என் கதையையும் அதே வாய்தான் பூட்டி வைத்திருக்கிறது என்பது நினைவு வந்ததும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பெடியன்கள் வெளிநாடு போனார்கள். கொஞ்சம் பிந்திப் பெட்டைகளும் போகத் தொடங்கினார்கள், பெரும்பாலும் அங்கே போன பெடியன்களைக் கட்டுவதற்காக. ஒருத்திக்குப் பிரான்சுக்குப் போக ஏஜென்ற் வேறு யாருடையதோ பாஸ்போட்டைக் கொடுத்திருந்தான். படத்தில் இருந்தவளுக்குக் கழுத்துவரைதான் மயிர். இவளுக்கு இடுப்புக்குக் கீழே. மெசினக்காவிடம் வந்து வெட்டுவித்தாள். வெட்டிய பின்னலை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"உதை நான் வைச்சிருக்கட்டே?" என்று மெசினக்கா கேட்டிருக்கிறார்.

இரண்டு பக்கமும் நூலால் கட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, பூச்சி பிடிக்காமல் வேப்பிலையும் போட்டுத் தகரப்பெட்டிக்குள் வைத்தார். அடுத்தடுத்துப் போன பெட்டைகளும் தந்துவிட்டுப் போனார்கள். என்னுடைய மயிர் அவ்வளவு அடர்த்தி இல்லை. பிலாத்துவின் மனைவிக்கு வேண்டிய சுருளும் பின்னலும் அந்தப் பெட்டியிலிருந்து வந்து என் தலையில் சேர்ந்தன. ஒருமுறை நாடகம் முடிந்து சீலை மாற்றிக்கொண்டு நிற்கிறேன், பிரான்சுக்குப் போனவளின் தாய் மேடைக்குப் பின்னால் வந்தா. என்னோடு கதைக்கவில்லை. என் பின்பக்கம் வந்து நின்று கொண்டையில் ஒரு பின்னலை விரலால் மெல்லத் தொட்டா.

"இது என்ரை பிள்ளையின்ரை," என்றா. பிறகு, "நல்லா நடிச்சனீர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

எங்கள் எல்லாருக்குள்ளும் நல்ல மயிர் ஜசிந்தாவுக்குத்தான். மெசினக்காவின் வேலிக்கு அடுத்த வீடு. தாய் பிலோமினாக்கா மீன் விற்பவர். தகப்பன் கடலில் போய்விட்டார். ஜசிந்தா ஒரே பிள்ளை. நாடகத்தில் பிலாத்து கைகழுவும்போது தண்ணீர் ஊற்றுகிற பணிப்பெண்ணாக வருவாள். அவளுக்கு வசனமே இல்லை. ஆனால் ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு செம்போடு அவள் நடந்து வந்தால் சனம் என்னை மறந்துவிடும். அவள் தலைக்கு மெசினக்கா ஒன்றும் செய்யமாட்டார். "உதிலை கை வைக்கக்கூடாது," என்பார்.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்கியது. கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். கரண்ட் போனது, சவர்க்காரம் போனது, மண்ணெண்ணெய் போனது. மீன் இல்லாத பிலோமினாக்கா உள்ளூரில் மரக்கறி வாங்கி விற்றுத் திரிந்தா. நாடகமும் நின்றுபோனது. அப்படி ஒரு நாள் தாய் சந்தைக்குப் போயிருந்த நேரம், ஜசிந்தா மெசினக்காவிடம் போய் மயிரை வெட்டுவித்துக்கொண்டு இயக்கத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் பிலோமினாக்கா மெசினக்காவின் படலையில் வந்து நின்றா. நாங்கள் எல்லாம் அவரவர் வேலியோடு நின்றோம்.

"என்ரை பிள்ளை உன்னட்டை வந்தவளோ?"

"ஓம்," என்றார் மெசினக்கா.

"தலைமயிர் வெட்டிவிட்டனியோ?"

"ஓம்."

"என்னத்துக்கு வெட்டுறாள் எண்டு தெரிஞ்சுதான் வெட்டினனியோ?"

மெசினக்கா மெசினில் இருந்து எழும்பவில்லை. "ஓம்," என்றார்.

பிலோமினாக்கா கத்துவா என்று நினைத்தோம். கத்தவில்லை. "உன்ரை வீட்டுக்கும் என்ரை வீட்டுக்கும் நடுவிலை ஒரு வேலிதான் கிடக்கு," என்றா. "சந்தைக்கு ஆளனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருப்பன். படலையிலை குறுக்கை கிடந்திருப்பன். ஒரு சொல்லு. ஒரு சொல்லு உன்ரை வாயிலை வரேல்லையே."

பிலோமினாக்கா போனபிறகும் மெசின் ஓடவில்லை. அன்றைக்கு முழுக்க ஓடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. வேலியில் கதியால் தடி பட்டுப்போன இடத்தில் பிலோமினாக்கா தென்னங்கிடுகு கட்டி அடைத்துவிட்டா.

தொண்ணூற்றைந்து பிறந்ததும் சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. சனத்துக்கு நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் ஏலாது. வள்ளங்கள் கொஞ்சத் தூரம் போகத் தொடங்கின. இந்தத் தவக்காலம் நாடகம் போடுவோம் என்று சுவாமியார் சொன்னார். பிலாத்து இருந்தார், எஞ்சின்கள் இல்லாமல் மெலிந்துபோய். நான் இருந்தேன். முப்பது வயதைத் தொட்டிருந்தேன். காய்ச்சலில் மயிர் பாதி கொட்டியிருந்தது. மெசினக்கா என் தலையைத் தடவிப் பார்த்தார். தகரப்பெட்டியில் இருந்த மற்றப் பின்னல்களெல்லாம் தேய்ந்தும் உதிர்ந்தும் போயிருந்தன. ஒன்றுதான் நல்லபடி இருந்தது. அவர் அதைத் துணியோடு எடுத்துக்கொண்டு, "நீரும் வாரும்," என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் பிலோமினாக்காவின் படலைக்குப் போனார்.

"இது அவளின்ரை," என்றார். "மேடைக்கு எடுக்கிறதெண்டா உங்களைக் கேக்கவேணும்."

அப்படி ஒரு பின்னல் இருக்கிறது என்பதே பிலோமினாக்காவுக்கு அதுவரை தெரியாது. துணியைப் பார்த்தா. வாங்கவில்லை, பிரிக்கவும் இல்லை.

"எப்ப தைக்கப் போறீர்?" என்று கேட்டா.

"நாடகத்தண்டு மத்தியானம்."

பிலோமினாக்கா உள்ளே போய்விட்டா. ஓம் என்றதா, இல்லை என்றதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நாடகத்தன்று நான் முக்காலியில் இருந்தேன். அந்தக் காலத்தில் கறுப்பு நூல் கிடைப்பது பெரும்பாடு. மெசினக்கா ஒரு பழைய குடைச்சீலையிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தார். அப்போது படலை திறந்தது. பிலோமினாக்கா. கையில் தங்கூசி, மீன் பிடிக்கிற மெல்லிய நைலோன் நூல்.

"உது அறாது," என்று சொல்லி மெசினில் வைத்தா. பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்றா. துணி பிரிகிற சத்தம் கேட்டது. வேப்பிலைச் சருகு நிலத்தில் விழுந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப ஏலாது. என் மயிர் மெசினக்காவின் கையில் இருந்தது.

அவர்கள் வேலை தொடங்கினார்கள். பிலோமினாக்கா பின்னலைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தா. மெசினக்கா அதை என்னுடையதோடு சேர்த்துப் பின்னினார். இரண்டு பேரின் கைகளும் என் தலைக்குத் தெரிந்தன. ஒன்றில் மெசின் எண்ணெய் மணம். மற்றது தடித்த, காய்த்துப்போன கை. கொண்டையைச் சுற்றத் தொடங்கிய நேரம்தான் பிலோமினாக்கா வாய் திறந்தா.

"அவளும் உதிலை இருந்துதான் வெட்டினவளோ?"

"ஓம். இந்த முக்காலிதான்."

"என்ன சொன்னவள்?"

ஊசி நின்றது. மெசினக்கா இதற்குப் பதில் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் எத்தனை முறை கேட்டிருப்பார்கள். வெளியே எங்கேயோ துலாக்கிணற்றில் வாளி இறங்கிய சத்தம் கேட்டது.

"இயக்கத்துக்குப் போறன் எண்டவள்," என்றார் மெசினக்கா. "நான் வெட்டமாட்டன் எண்டனான். நீங்கள் வெட்டாட்டி நான் பிளேட்டாலை அறுப்பன் எண்டவள். அதுதான் வெட்டினனான்."

"பிறகு?"

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா எண்டவள்."

"ஏனாம்?"

அந்த இடத்தில் மெசினக்காவின் மூச்சு என் உச்சியில் பட்டது.

"அம்மா அழுதா நான் நிண்டுடுவன் எண்டவள்."

என் பின்னலைப் பிடித்திருந்த தடித்த கை இறுகியது. வலித்தது. நான் அசையவில்லை. இதைத்தான் இவ்வளவு காலமும் அவர் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. படலையில் வந்து கேட்டபோதே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பிலோமினாக்கா அன்றைக்கே செத்திருப்பா. சொல்லாமல் விட்டு அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

"நான் அழுதிருப்பன்," என்றா பிலோமினாக்கா.

பிறகு கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. "இறுக்கித் தையும்," என்றா. "அவிழக்கூடாது."

அன்றைக்குக் கோயில் வளவில் நிற்க இடமில்லை. நான் கனவு கண்டு எழும்பி வந்தேன். சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியேறிப் பிலாத்துவின் முன்னால் மண்டியிட்டேன். எத்தனையோ முறை சொன்ன வசனம்தான். அன்றைக்குக் குரல் உடைந்துபோனது. எஞ்சின்காரர் பயந்து என்னைப் பார்த்தார். எழும்பித் திரும்பும்போதுதான் சனத்தைக் கண்டேன். முன்வரிசைப் பாயில் பிலோமினாக்கா இருந்தா. மெசினக்கா அவவுக்குப் பக்கத்தில் இருந்தார். நாடகம் பார்க்கச் சனத்தோடு வந்து அவர் இருந்தது அதுதான் முதல் தடவை.

உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவிழ்க்க வேண்டாம் என்று பிலோமினாக்கா என்னைக் கேட்டா. குப்புறப் படுத்தும் சுவரில் சாய்ந்தும் அத்தனை நாளும் தூங்கினேன். பூசை முடிந்ததும் அவவே பிளேட்டோடு வந்து ஒவ்வொரு தையலாக அறுத்து, மகளின் மயிரை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனா. அந்தக் கிழமைக்குள் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது.

ஐப்பசி முடிகிற நேரம், ஆமி நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரைவிட்டு எழும்பி நடந்தது. மழையில் நாங்களும் நடந்தோம். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டா. என்னோடு இருந்தது அப்பா மட்டும்தான். வள்ளம் கட்டுகிற தச்சன் அவர். முழங்கால் வீங்கி அவரால் நடக்க முடியவில்லை. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்தது. அதே வகுப்பறையின் மற்ற மூலையில் மெசினக்காவும் பிலோமினாக்காவும் ஒரே பாயில் இருந்தார்கள். மெசின் ஊரில் கிடந்தது. மெசினக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பகலெல்லாம் பெண்களின் தலையில் பேன் பார்ப்பதும் சிக்கெடுப்பதுமாக இருந்தார். இரண்டு பேரும் கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போய் ஜசிந்தாவைத் தேடப் போவதாகச் சொன்னார்கள்.

பிரான்சில் இருந்த அண்ணை என்னைக் கொழும்புக்கு வரச்சொல்லி ஒழுங்கு செய்திருந்தார். வெளியே போக இயக்கம் கொடுக்கிற பாசும் எப்படியோ எனக்குக் கிடைத்துவிட்டது. அப்பா வரமாட்டார். "சண்டை ஓய வீட்டை போவம்," என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? விடிய அவருக்குத் தெரியாமல் வெளிக்கிடுவதென்றும், பக்கத்தில் இருந்த உறவுக்காரரிடம் அவரைப் பாரம் கொடுப்பதென்றும் தீர்மானித்திருந்தேன். முதல்நாள் மத்தியானம் மெசினக்கா என் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த என் வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா அழுதா என்னாலை போகேலாது அக்கா," என்றும் சொன்னேன்.

"ம்" என்ற சத்தம் வரவில்லை.

பின்னலை முடித்தார். ரிபனைக் கட்டினார். "எழும்பும்," என்றார். எழும்பினேன். அவர் என்னைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, வேப்பமரத்துக்குக் கீழே இருந்த அப்பாவிடம் நேரே போனார். குனிந்து என்னவோ சொன்னார். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் திரும்பி வந்தார். "உங்களை நம்பித்தானே சொன்னனான்," என்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார். "அவளும் நம்பித்தான் சொன்னவள்."

அன்று பின்னேரம் அப்பா என் பக்கத்தில் வந்திருந்தார். நான் பயந்தபடியே அழுதார். வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "நான் போகேல்லை அப்பா," என்றேன்.

"அழுறன் எண்டு நிக்காதை," என்றார். "அழுறது என்ரை வேலை. நீ போ."

பிறகு இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவைப் பெண்பார்க்க வந்தது, அவர் கட்டிய முதல் வள்ளம், நான் பிறந்தது. அதற்கு முன் அவ்வளவு நேரம் நாங்கள் கதைத்ததில்லை. விடிய முழங்காலை இழுத்துக்கொண்டு சந்தி வரைக்கும் என் பையைத் தூக்கி வந்து, என்னை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டார். மெசினக்கா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அப்பா குருநகருக்குத் திரும்பிப்போய் எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார். என்னால் போகமுடியவில்லை. எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு பின்னேரம்தான். அதை மெசினக்காதான் தந்தார். அதற்காக ஒரு சொல் சொல்ல எனக்குப் பிறகு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஏறும்போதுகூட நான் அவரோடு கதைக்காமல்தான் ஏறினேன்.

கொழும்பில் இருந்த காலத்தில் வன்னியிலிருந்து வருகிறவர்களை எல்லாம் விசாரிப்பேன். கடைசியில் மல்லாவிப் பக்கம் இருந்து வந்த ஒரு பெண் சொன்னா. கிடுகுக் கொட்டில் ஒன்றில் இரண்டு பெண்கள் இருந்தார்களாம். ஒருவர் இரவல் மெசின் ஒன்றில் தைத்தாராம். ஒரு நாள் கட்டை மயிரோடு ஒரு பெட்டை சைக்கிளில் வந்து படலையில் நின்றாளாம். தைத்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் கண்டு, "பிலோமினாக்கா, வெளியிலை வாங்கோ, வந்து அழுங்கோ," என்று கத்தினாராம். உள்ளே இருந்தவர் ஓடிவந்து அழுத அழுகையில் அயலெல்லாம் கூடிவிட்டதாம்.

"அவள் நிண்டவளோ?" என்று கேட்டேன்.

அது தனக்குத் தெரியாது என்றா அந்தப் பெண். அன்று பின்னேரமே தாங்கள் அந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டதாகவும், வெளிக்கிடும்போது சைக்கிள் படலையில் சாத்தியபடி இருந்ததைக் கண்டதாகவும் சொன்னா.